சாவி பீரோ மேலதானே இருக்குது, மாப்ளே?

ஏம் மாப்ளே, உன்ற சாமர்த்தியத்த நெனச்சா எனக்குப் புல்லரிக்குது. உங்கய்யன் போனதுக்கப்பறம் அவர் வெச்சிருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு நாந்தான் வாரிசுன்னு எழுதிக் குடுத்து, கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து, போலீசு விசாரணைக்கெல்லாம் பதில் சொல்லி, உன்ற பேருக்கு லைசென்சு வாங்கிப்போட்டே. தோட்டத்துப் பட்டா மாத்தறதுக்குக்கூட நீ இத்தன நடை நடக்குல. பட்டா இன்னும் உங்கய்யன் பேருலதான் கெடக்குது. பரவால்ல, தோட்டம் எங்க எந்திரிச்சு ஓடப்போவுது.

அந்த விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருந்துச்சே, ஞாபகமிருக்குதா? துப்பாக்கியையும் தோட்டாவையும் பத்திரமா வெக்க எடம் இருக்குதான்னு கேட்டிருந்தான். நீயும் "இருக்குது"ன்னு எழுதிக் குடுத்தே. எழுதிக் குடுத்துப்போட்டு வந்து ஆசாரத்துல உங்கய்யன் போட்டோவுக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டுனே. சர்க்காருக்குச் சொன்ன பத்திரமான எடம் அந்த ஆணிதானாக்கும்!

ஆயுத பூசையன்னிக்குப் பாக்கோணுமே. மம்முட்டி, கடப்பாரை, கொடுவாளோட துப்பாக்கியும் பொரிகடலைக்கு முன்னால சொகுசாப் படுத்திருந்துது. உன்ற சின்னவன் குழலுக்குச் சந்தனம் வெச்சான், குங்குமம் வெச்சான், கடைசீல விசை மேலயும் நோகாம ஒரு பொட்டு வெச்சான். "பாருங்க மாமா, கொஞ்சங்கூடப் பயமில்லாம எப்படித் தொடறான்"னு நீ பூரிச்சுப் போயிட்டே. எனக்குந்தான் பூரிப்பு. எந்த எடத்துல விரலு வெக்கோணும்னு சாமி முன்னாலயே பாடம் படிச்சுட்டானே.

நான் முணுமுணுத்ததுல ரோசம் வந்து இப்ப அதையெடுத்து அட்டாலில பழைய மெத்தைக்கடியில வெச்சுட்டியாமா. தோட்டா பீரோவுல. "கொழந்தைகளுக்குத் தெரியாது மாமா"ங்கறே. தீவாளிக்கு உன்ற ஊட்டுக்காரி முறுக்கு டப்பாவ எங்க ஒளிச்சு வெச்சா? அதே அட்டாலில, அதே மெத்தைக்கடியிலதான். மூணா நாளு பாத்தா டப்பா காலி. எலி தின்னுருச்சுன்னு நீயும் நம்பீட்டே. தின்னுபோட்டு மூடியத் திருகி வெச்சுட்டுப் போற எலி, மாப்ளே!

நாஞ்சொன்னா கெழவன் பொலம்பறான்னு சொல்லுவே. அதனால அமெரிக்காக்காரன் கண்டதச் சொல்றேன். அவன் துப்பாக்கியோடயே பொழங்கறவன். என்ற பேத்தி அங்க கொழந்தைக டாக்டரா இருக்கறா, அவதான் சொன்னா. அட்லாண்டாப் பக்கம் டாக்டருக ஒரு சோதனை பண்ணியிருக்கறாங்க, 2001-ல வெளிய வந்துது. 8 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் 64 பசங்க. ரெண்டு மூணு பேரா ஒரு அறைக்குள்ள உட்டு, இழுப்பறைல நெசமான கைத்துப்பாக்கி ஒண்ண, வெடிக்காதபடி பண்ணி, வெச்சுப்போட்டு மறைவுல நின்னு பாத்தாங்க. கால்மணி நேரந்தான் கணக்கு. அதுக்குள்ள 48 பேரு கண்டுபுடிச்சுட்டாங்க. 30 பேரு கைல எடுத்தாங்க. 16 பேரு விசையவே இழுத்துப்போட்டாங்க. கண்டுபுடிச்சவங்கள்ல பாதிப் பேரு அது பொம்மைன்னு நெனச்சாங்களாமா, இல்லாட்டி நெசமான்னு தெரியாம முழிச்சாங்களாமா. அமெரிக்காப் பையனுக்குக் கால்மணி நேரம். உன்ற பையனுக்கு முழுப் பரிச்சை லீவு இருக்குது.

"என்ற பசங்க தொடமாட்டாங்க, சொல்லி வெச்சிருக்கறேன்"னு மீசையத் தடவறயா? தடவு. அந்தச் சோதனைல துப்பாக்கியத் தொட்டவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல, துப்பாக்கி விசயத்துல சாக்கிரதையா இருக்கோணும்னு முன்னாலயே பாடம் கேட்டவங்கதான். இன்னொண்ணும் கேளு. அலபாமாவுல அப்பன் ஆத்தாளத் தனியாவும் கொழந்தைகளத் தனியாவும் விசாரிச்சு 2006-ல எழுதுனாங்க. "துப்பாக்கி இருக்கற எடம் என்ற கொழந்தைக்குத் தெரியாது"ன்னு சொன்ன பெத்தவங்கள்ல நூத்துக்கு 39 பேரோட கொழந்தைக, "எனக்குத் தெரியுமே"ன்னு சொல்லிப்போட்டுதுக. உன்ற ஊட்டுல வந்து யாரும் விசாரிக்குல. அதனால உன்ற மானம் தப்பிச்சுது.

அடுத்தாப்பல நீ சொல்றது, "உள்ள தோட்டா இல்லீங் மாமா." மடக்கிப் பாத்தயா? வெளிய இருந்து பாத்தா எந்தத் துப்பாக்கியும் வெறுந் துப்பாக்கிதான். ரெட்டைக்குழல்ல ஒண்ண எடுத்தவன் இன்னொண்ண மறக்கறது சகஜம். மடக்கி, பின்னால இருந்து கண்ண வெச்சுப் பாத்தா ரெண்டு குழல்லயும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியோணும். தெரியாட்டி விரல உட்டுத் தடவிப் பாக்கோணும். உன்றது குதிரை வெளிய நிக்கற பழைய சாமான் வேற. அது கைதவறி உழுந்து குதிரை தரைல அடிபட்டா, விசைய யாரும் தொடாமயே வெடிக்கறதுண்டு. அட்டாலில இருந்து தரைக்கு எத்தன ஒசரம்னு நீயே அளந்துக்க. பேப்பர்ல அப்பப்பப் போடறானே, "துப்பாக்கியைத் துடைத்தபோது எதிர்பாராமல் வெடித்தது"ன்னு. தொடைக்கற துணிக்கு அத்தன வலுவிருக்குதாக்கும். உள்ள தோட்டாவ வெச்சுட்டுத் தொடைச்சவன்தான் எதிர்பாத்திருக்கோணும்.

தோட்டா பீரோவுல பூட்டியிருக்குது, ஒத்துக்கறேன். பீரோச் சாவி எங்க இருக்குது? பீரோ மேல. நம்ம சீமையில பீரோச் சாவிக்கு வேற எடமே கெடையாது. அன்னிக்குச் சாவியக் காணோம்னு நீ ஊட்டையே பொரட்டிப் போட்டப்ப, முக்காலியப் போட்டு ஏறி எடுத்துக் குடுத்தது உன்ற சின்னவன்தான். "கெட்டிக்காரன்"னு கன்னத்துல முத்தம் வேற குடுத்தே. அந்தக் கெட்டிக்காரந்தான் தீவாளியன்னிக்குப் பொட்டுப் பட்டாசக் கல்லுல வெச்சுக் கல்லாலயே தட்டறான். தோட்டாவுக்கும் பின்னால வட்டமா ஒரு பொட்டு இருக்குது. அதையும் தட்டிப் பாக்கலாம்னு அவனுக்குத் தோணாதா? குழலுக்கு வெளிய வெடிச்சாலும் தகடு தெறிச்சுக் கண்ணுக்குள்ள போவும்.

"பூட்டி வெச்சுட்டா, திருடன் வர்றப்பத் தெறக்க நேரமாவுமே"ங்கறயா? திருடன் நீ ஊட்டுல முழிச்சு உக்காந்திருக்கறப்ப எதுக்கு வர்றான்? ஒறம்பர ஊட்டுக் கல்யாணத்துக்கு நீ குடும்பத்தோட பொறப்பட்டு, வாட்ஸப்புல போட்டோப் போட்டதுக்கப்பறம் வருவான். வந்து மொதல்ல அந்தத் துப்பாக்கியத்தான் தூக்கிட்டுப் போவான். அப்பறம் களவு குடுத்தவன் நீ, ஸ்டேஷன் திண்ணைல உக்காந்து பதில் சொல்றவனும் நீ.

"பன்னி வருது மாமா, மயிலு வருது மாமா." வரட்டும். மயிலத் தொட்டா 1972-ஆம் வருசத்து வன உயிரினச் சட்டம் உன்னத் தொடும். பன்னிக்கு 2025-ல சர்க்காரு உத்தரவு போட்டிருக்குது. காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அக்கட்டால வந்தாச் சுடலாம், அதையும் பழக்கப்பட்ட வனத்துறை ஆளுகதான் சுடோணும். அதுல உன்ற பேரு எங்கயாச்சும் இருக்குதான்னு நானும் கண்ணாடி போட்டுத் தேடுனேன். காணோம். மச்சினன் கல்யாணத்துல மேல பாத்து ஒண்ணு போடலாம்னு ஆசைப்பட்டயாமா. அதுக்கும் 2019-ல ஆயுதச் சட்டத்தத் திருத்தி, ரெண்டு வருசம் வரைக்கும் செயிலு இல்லாட்டி லட்ச ரூவா வரைக்கும் அவராதம்னு எழுதி வெச்சிருக்கறாங்க. ரெண்டையும் சேத்தியும் குடுப்பாங்க. மொய்யிலேயே பெரிய மொய்யி!

என்னக் கேட்டா, உன்ற ஊட்டுல துப்பாக்கி பத்திரமா இருந்தது எலெக்சன் சமயத்துல மட்டுந்தான். தேதி அறிவிச்ச ஒடனே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிக் குடுத்து ரசீது வாங்கிட்டு வந்தே. முடிவு வந்ததுக்கப்பறந்தான் திரும்பி வந்துது. கலாட்டா ஆயிரக்கூடாதுன்னு அந்த ஏற்பாடு. ஓட்டுப் போடற பெரியவங்க மேலயே சர்க்காருக்கு அத்தன சந்தேகம். ஓட்டே இல்லாத உன்ற பொடுசுக மேல உனக்கு எத்தன நம்பிக்கை! வருசத்துக்கு ஒரு எலெக்சன் வந்தா உன்ற ஊடு உருப்படும்.

பொடுசுகளுக்கு மட்டும் நான் சொல்லுல. பெரியவன் ப்ளஸ் டூ படிக்கறானல்ல, இந்த எடத்துல எனக்குச் சிரிப்பு வராது, நீயும் காதக் குடுத்துக் கேளு. அந்த வயசுல ஒரு மார்க்கு கொறஞ்சாலும், நாலு பேரு முன்னால அப்பன் ஒரு வார்த்த வஞ்சாலும், உசுரே போன மாதிரி இருக்கும். அந்த வேகம் அப்படியே நிக்கறதில்ல, கொஞ்ச நேரம் போனா எறங்கீரும். எறங்கற வரைக்கும் கைக்கெட்டற எடத்துல என்ன இருக்குதுங்கறதுலதான் எல்லாம் இருக்குது. பூட்டு அந்தக் கொஞ்ச நேரத்தக் கடத்திக் குடுக்கும். அதனால பயிருக்கு அடிக்கற மருந்தையும் சேத்துப் பூட்டு. ரிசல்ட்டு வர்ற அன்னிக்கு அவன் பக்கத்துல உக்காந்து சாப்புடு. வெசனமா இருந்தான்னா என்னன்னு கேளு. ஊட்டுல யாருக்காச்சும் மனசு செரியில்லாத காலத்துல துப்பாக்கிய ஊட்டுலயே வெக்காதே.

அப்பறம் உன்ற ஊட்டுல இருக்கற ஏர் கன்னு. 20 ஜூல் வலுவுக்கும் சட்டம் சொல்ற குழல் அளவுக்கும் உள்ள இருந்தா லைசென்சு வேண்டாம். லைசென்சு வேண்டாட்டி அது வெளையாட்டுச் சாமான்னு நீயாச் சேத்துக்கிட்டே. அந்த ஈயக்குண்டு கண்ணுல பட்டா கண்ணு போச்சு, படக்கூடாத எடத்துல பட்டா உசுரே போவும். அதையும் பூட்டு. மலையோரத்துல உன்ற சேக்காளி ஒருத்தன் பால்ரஸ் குண்டு போட்டுச் சுடற நாட்டுத் துப்பாக்கிய வெச்சிருக்கறான், பன்னிக்குன்னு வெடிமருந்து அடைச்ச அவுட்டுக்காயி வேற கட்டித் தொங்க உடறான். அங்கெல்லாம் கொழந்தைகளக் கூட்டிட்டுப் போவாதே. ஒறம்பர ஊட்டுக்குப் பசங்கள லீவுக்கு அனுப்பறப்ப, நாயக் கட்டி வெச்சிருக்கறீங்களா, கெணத்துக்குக் கட்டுச்செவுரு இருக்குதான்னு கேக்கறோம். துப்பாக்கி இருக்குதா, எங்க பூட்டி வெச்சிருக்கறீங்கன்னும் ஒரு வார்த்த கேளு. கேட்டா மூஞ்சியத் தூக்கறவங்க ஊட்டுக்குப் பசங்கள அனுப்பாதே.

செரி, வஞ்சது போதும். வேலையச் சொல்றேன். மொதல்ல துப்பாக்கிய எறக்கி, வாய ஆளில்லாத பக்கம் வெச்சு மடக்கி, ரெண்டு குழலையும் பாரு. முன்கட்டையக் கழட்டுனா குழலு தனியா, பின்கட்டை தனியா வந்துரும். கழட்டியே வை. சேத்துப் பூட்டத் தெரியாதவன் கைல அது வெறும் இரும்புக் குழாயிதான். இரும்புப் பொட்டி ஒண்ணு செஞ்சு செவுத்தோட போல்ட்டுப் போட்டு முடுக்கி, அதுக்குள்ள வெச்சுப் பூட்டு. தோட்டாவுக்கு வேற பொட்டி, வேற அறை, வேற பூட்டு. ரெண்டு சாவியும் உன்ற அர்ணாக்கயித்துல இருக்கோணும், பீரோ மேல, காலண்டர் ஆணில, தலகாணிக்கடியில எங்கயும் இருக்கக்கூடாது. உங்கய்யன் காலத்து ஊசிப்போன தோட்டாவ அடுப்புலயோ கெணத்துலயோ போடாதே. லைசென்சு இருக்கற ஆயுதக் கடையிலயோ ஸ்டேஷன்லயோ கேட்டு ஒப்படைச்சுரு. பசங்ககிட்டயும் சொல்லு: எங்க கண்டாலும் தொடாதே, அந்த எடத்த உட்டு வெளிய போ, பெரியவங்களக் கூப்புடு. இதச் சொல்றது பூட்டுக்கு மேல ஒரு காவலு. சொல்லீட்டேன்னு பூட்டாம இருந்துறாதே.

பொட்டி வர்றதுக்கு நாளாவும்னா, அதுவரைக்கும் லைசென்சு வாங்குன ஆயுதக் கடையில ரசீதுக்குக் குடுத்து வை. இத்தன பாடு எதுக்குன்னு தோணுச்சுன்னா, ஸ்டேஷன்ல கேட்டு ஒரேடியா ஒப்படைச்சுப் போடு. ஒருத்தரும் உன்னக் கொறையாப் பேசமாட்டாங்க, பேசுனா எங்கிட்ட அனுப்பு. வெச்சிருக்கறதுன்னா மட்டும் இன்னிக்குப் பொழுது விழறதுக்குள்ள அட்டாலில இருந்து எறக்கு. லைசென்சு உன்ற பேருல இருக்குது மாப்ளே. யாரு கை பட்டு வெடிச்சாலும் பதில் சொல்லோணும்கறதும் உன்ற பேருலதான் இருக்குது.