கார்டைத் தேய், கோடியைச் சேர்

சம்பாதித்து, மிச்சம் பிடித்து, அப்புறம் முதலீடு செய்வதெல்லாம் பழைய கஞ்சத்தனம். அந்நியச் செலாவணி வர்த்தகத்துக்குக் கையில் காசு எதற்கு? கிரெடிட் கார்டு எண்ணைத் தட்டி, ஓடிபி போட்டால் போதும். லண்டன் வங்கிகளும் நீங்களும் இனி ஒரே வரிசை.

100 டாலர் கட்டினால் 50,000 டாலருக்கு ஆட விடும் தாராளப் பிரபுக்கள் இருக்கிறார்கள். யூரோ 0.2 சதவீதம் எதிர்ப்பக்கம் அசைந்தால் கட்டியது காலி. டீ ஆறுவதற்குள் முடிவு தெரிந்துவிடும். காத்திருக்கும் கவலையே இல்லை. கார்டு வட்டிதான் நிதானமாக, மாதம் மூன்றரை சதவீதம் என்று நம்மோடு கூடவே இருக்கும்.

இவ்வகைச் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டமடைவதாக ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்பு 2018-இல் சொன்னது. மீதிப் பேர் யார்? நாம்தான்! அமெரிக்காவில் 2015-லேயே கார்டில் பணம் கட்டத் தடை. பாவம், துணிச்சல் கெட்ட தேசம்.

போட்டது மும்மடங்காகும் என்று டெலிகிராம் குருஜி சொன்னால் நம்புங்கள். அனுமதியில்லாத தளத்தில் ஆடிப் பிடிபட்டால், இந்தியாவின் ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டப்படி அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகும்.

ரிவார்டு பாயிண்ட்டை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.