அடுத்த பெரிய சைஸ்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கைப் பற்றித் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: அது எவர்கிரீன். இதைச் சொல்கிறவர் யாரும் மெக்கானிக்கல் படித்தவராக இருக்க மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவர், அப்பாவுடன் வங்கியில் வேலை பார்த்த ஒரு மாமா. "கம்ப்யூட்டர் எப்ப வேணா படுத்துரும் சார். சிவில் ஏறும், இறங்கும். மெக்கானிக்கல் மட்டும் எவர்கிரீன். கண்ணை மூடிக்கிட்டுச் சேத்துடுங்க" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாமா தன் மகனைக் கண்ணைத் திறந்துகொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்தார்.

கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போனது 2018-ல். அதற்கு முன்பெல்லாம் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில்தான் போக வேண்டும். பெரிய திரையில் கல்லூரிவாரியாகக் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் குறித்து வைத்திருந்த கல்லூரியில் ஒவ்வோர் இடம் குறையும்போதும் அப்பா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அந்த இடத்தை நான்தான் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன் என்பதுபோல. கடைசியில் குறித்து வைக்காத ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பிரிவு மட்டும் எவர்கிரீன்.

முதல் வருடத்தில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்றொரு பாடம். ட்ராஃப்டரையும் சார்ட் ஹோல்டரையும் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால், நமக்கு ஒரு டிக்கெட் போதுமா, லக்கேஜுக்கும் போடலாமா என்று கண்டக்டர் யோசிப்பார். கேள்விகள் இப்படி இருக்கும்: சதுர பிரமிடு ஒன்று தன் அடிவிளிம்பு ஒன்றை மட்டும் தரையில் ஊன்றி, அச்சு 45 டிகிரி சாய்ந்து நிற்கிறது, வரைக. எகிப்தில் நாலாயிரம் வருடங்களுக்கும் மேலாக ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் ஒரு பொருள், நம் கல்லூரிக்கு வந்ததும் ஏன் ஒற்றை விளிம்பில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. போதாததற்கு, இந்தியாவில் நாம் பின்பற்றுவது முதல் கோண முறை. மேலேயிருந்து பார்த்தால் தெரிவதைக் கீழே வரைய வேண்டும், இடப்பக்கம் தெரிவதை வலப்பக்கம் வரைய வேண்டும். அமெரிக்காவில் மேலே தெரிவதை மேலேயே வரைகிறார்கள். நம் பையன்கள் ஏன் எம்.எஸ். படிக்க அங்கே ஓடுகிறார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒர்க்‌ஷாப்தான் எனக்குப் பிடித்த இடம். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள மைல்ட் ஸ்டீல் துண்டுகள் இரண்டைக் கொடுப்பார்கள். ஒன்றில் 'வி' வடிவப் பள்ளம், இன்னொன்றில் அதற்குள் உட்காரும் 'வி' வடிவ மேடு. ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் ராவி, இரண்டையும் பொருத்திக்கொண்டு போய் இன்ஸ்ட்ரக்டர் அண்ணாவிடம் நீட்ட வேண்டும். ஐ.டி.ஐ. படித்தவர். எந்தக் கருவியையும் எடுக்க மாட்டார். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். "வெளிச்சம் வருது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி ராவினால் மறுபடி வெளிச்சம், இந்த முறை வேறு இடத்தில். கை கொப்பளித்த ஒரு நண்பன் இடுக்கில் கிரீஸை அப்பி, வெளிச்சத்தை முழுதாக அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். அண்ணா கழிவுப் பஞ்சால் ஒரே துடை துடைத்து, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த நண்பன் இன்று ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி டிபார்ட்மென்டில் இருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான்.

இரண்டாம் வருடம் 'ராயல் மெக்' என்று முதுகில் அச்சடித்த கறுப்பு டி-ஷர்ட் வந்தது. அறுபது பேர் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர் என்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர்தான் ராயல்.

தெர்மோடைனமிக்ஸும் அந்த வருடம்தான். 1824-ல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் தன் 28-வது வயதில் ஒரு சிறிய புத்தகம் போட்டார். வெப்பத்தைக் கொண்டு இயங்கும் எஞ்சின் ஒன்றிடம் அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பது அதன் விஷயம். அவர் கற்பனை செய்த எஞ்சினை யாரும் செய்ததில்லை, செய்யவும் முடியாது. அந்தத் திறன் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் அது முடிவில்லாத நிதானத்தில் ஓட வேண்டும், அதாவது ஓடவே கூடாது. கார்னோ 1832-ல் காலராவில் இறந்துபோனார். தொற்றுப் பயத்தில் அவருடைய உடைமைகளும் கையெழுத்துத் தாள்களும் பெருமளவு அழிந்தன. அச்சான புத்தகம் மட்டும் தப்பி எங்கள் சிலபஸுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஓடாத அந்த எஞ்சினுக்கு 16 மார்க். ஓடுகிற டீசல் எஞ்சினை லேபில் கைப்பிடி போட்டுச் சுழற்றி, தோள்பட்டை இறங்கி, ஸ்டார்ட் செய்தால் அதற்குத் தனியாக மார்க் கிடையாது.

இதெல்லாம் முன்னுரை. மெக்கானிக்கல் படிப்பின் மூலஸ்தானம் மூன்றாம் வருடத்து டிசைன் பாடம். அதன் வேதம், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்கள் தொகுத்த டிசைன் டேட்டா புக். பல்கலைக்கழகத் தேர்வறைக்குள் அதைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். எங்கள் தேர்வுக்கு மேற்பார்வைக்கு வந்தவர் ஆங்கிலத் துறை மேடம். ஹால் முழுக்கப் பையன்கள் தடிப் புத்தகத்தை விரித்துவைத்துப் பார்த்து எழுதுவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் அலோ பண்றாங்களா?"

"பண்றாங்க மேடம்."

"அப்புறமும் ஏம்ப்பா இவ்வளவு பேர் அரியர் வெக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. டேட்டா புக்கில் சூத்திரம் இருக்கும், அது எதற்கான சூத்திரம் என்று இருக்காது. ஸ்பிரிங் பக்கத்தில் வரும் 'டி'யும் ஷாஃப்ட் பக்கத்தில் வரும் 'டி'யும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரிந்தவனுக்கு அந்தப் புத்தகமே தேவைப்படாது. தெரியாதவன் மூன்று மணி நேரமும் அதைப் புரட்டிக்கொண்டே இருக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். எனக்கு அதில் கிடைத்த ஒரே சுலபமான மகிழ்ச்சி பேரிங் நம்பர். 6208 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு, உள்விட்டம் 40 மில்லிமீட்டர். நாலு வருடப் படிப்பில் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்ட எண்கள் வேறு இல்லை.

ஆனால் அந்தப் பாடத்தின் ரகசியம் வேறு. இரண்டு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு, முறுக்குவிசை, வளைவிசை, அழுத்தச் செறிவு எல்லாம் சேர்த்து, கால்குலேட்டர் சூடேறி, ஷாஃப்டின் விட்டம் 36.8 மில்லிமீட்டர் என்று விடை வரும். அடுத்த வரியில் எழுத வேண்டியது: "40 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்வோம்." முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. 40 தான் எடுக்கப் போகிறோம் என்றால், 36.8-க்கு எதற்கு இரண்டு பக்கம்?

இந்த வழக்கத்தின் பின்னால் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார், பலூன்களுக்கு 425 அளவுகளில் கயிறு வாங்கிக் குவித்திருந்ததைப் பார்த்து, அவற்றை 17 ஆகக் குறைத்தார். ஒவ்வோர் அளவும் முந்தைய அளவைவிட ஒரே விகிதத்தில் பெரிதாக இருக்கும்: 1, 1.6, 2.5, 4, 6.3, 10. இடையில் எந்த விடை வந்தாலும் அடுத்த படிக்கு ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஷாஃப்டின் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், 36.8-லிருந்து 40-க்குப் போனாலே வலிமை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. மூன்றே சொச்சம் மில்லிமீட்டர் இரும்பில் இவ்வளவு நிம்மதி வேறு எந்தப் படிப்பில் கிடைக்கும்?

அம்மாவுக்கு இது எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரிந்திருந்தது. ஜூன் மாதம் யூனிஃபார்ம் எடுக்கப் போனால், கடைக்காரர் டேப்பால் என் தோளை அளந்து சொல்லும் எண்ணைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு, "அடுத்த பெரிய சைஸ் குடுங்க" என்பாள்.

சேஃப்டி ஃபேக்டர் என்பதும் இதே சங்கதிதான். நமக்குத் தெரியாதது எவ்வளவு என்பதை வெட்கப்படாமல் ஓர் எண்ணாக எழுதி, அதால் பெருக்கிவிடுவது. பயணிகள் லிஃப்டைத் தாங்கும் கயிறுகளுக்கு அது பத்தை ஒட்டி வரும். விமானத்தின் உடற்கட்டுக்கு ஒன்றரைதான், அதற்கு மேல் கூட்டினால் எடை கூடி அது பறக்காது. விமானத்தில் ஏற்படும் சுமைகளை மிகத் துல்லியமாகக் கணக்கிடுகிறார்கள், அடிக்கடி சோதிக்கிறார்கள், ஒன்றரையே தாராளம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் லிஃப்டில் நிற்கும்போது வருகிற உறக்கம் விமானத்தில் வருவதில்லை.

இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே மிக்ஸி காத்திருக்கும். சொந்தக்காரர்கள் விஷயத்தில் மெக்கானிக்கலுக்கும் எலெக்ட்ரிக்கலுக்கும் வித்தியாசம் கிடையாது, சத்தம் வந்தால் அது என் துறை. ஒருநாள் கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. "ப்ரைமிங் போயிடுச்சுப்பா. உள்ள காத்து நிக்குது. காத்தோட அடர்த்தி தண்ணியில ஆயிரத்துல ஒரு பங்குதான், அதான் பம்ப்பால இழுக்க முடியல" என்றேன். அப்பா முழுதாகக் கேட்டுவிட்டு, பிளம்பருக்குப் போன் செய்தார். பிளம்பர் வந்தார். பம்ப்பின் மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் வந்தது. "காத்து வாங்கியிருக்கு சார்" என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். "பாத்தியா, அனுபவம்" என்றார் அப்பா.

கடைசி வருடம் வளாகத் தேர்வுக்கு வந்தவை பெரும்பாலும் சாஃப்ட்வேர் கம்பெனிகள். கோர் கம்பெனி, கோர் கம்பெனி என்று நாலு வருடம் ஜபித்த வகுப்பில் பாதிப் பேர் ஜாவா கற்கப் போனார்கள். அவர்களுடைய சம்பளம் எங்களுடையதைவிட எப்போதும் ரெனார் வரிசையில் ஒரு படி மேலேயே இருந்தது. நான் ஒரு கியர் தொழிற்சாலையில் சேர்ந்தேன். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொன்ன மாமாவின் மகன் பெங்களூரில் வீடு வாங்கிவிட்டான். புதுமனைப் புகுவிழாவுக்குப் போனபோது மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து, வந்திருந்தவர்களிடம் பெருமையாக, "தம்பி மெக்கானிக்கல். எவர்கிரீன்" என்றார்.

என் டேட்டா புக் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மூன்றாம் வருடத்துத் தம்பி தங்கைகள் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். பேரிங் பக்கங்கள் பைண்டிங் விட்டிருக்கின்றன, அட்டையைப் பிடித்துத் தூக்காதீர்கள். கால்குலேட்டரைக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.