பால் பொங்கும் புத்தகங்கள்

என்னிடம் யாரும் கைமாற்று கேட்பதில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் ரயிலில் படிக்க, ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருக்கும்போது படிக்க, விருந்தாளி கிளம்பும்வரை அறைக்குள் ஒளிந்துகொண்டு படிக்க என்று, எடுத்தால் கீழே வைக்க முடியாத புத்தகமாக ஒன்று சொல்லச்சொல்லி வருகிறவர்கள் உண்டு. சொல்வதற்குக் காசு செலவில்லை என்பதால் தாராளமாகச் சொல்வேன்.

என் மனைவியின் கட்சி வேறு. "உங்களால எந்தப் புத்தகத்தைத்தான் கீழே வைக்க முடிஞ்சுது? பஞ்சாங்கத்தைக் கொடுத்தாலும் மோட்டாரை நிறுத்த மறந்துடுவீங்க" என்பாள். இது அவதூறு. பஞ்சாங்கம் பார்த்த அன்றெல்லாம் மோட்டாரைச் சரியாகவே நிறுத்தியிருக்கிறேன்.

உண்மையில் எங்கள் வீட்டுத் தர நிர்ணயமே அதை வைத்துத்தான். படிக்கும்போது பால் பொங்கி வழிந்தால் அது சுமாரான புத்தகம்; எவ்வளவு காவல் இருந்தாலும் பால் பொங்கத்தான் செய்யும். குக்கர் விசில் கணக்குத் தவறினால் நல்ல புத்தகம். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கீழ் வீட்டுக்காரர் நனைந்த துண்டோடு படியேறி வந்து கதவைத் தட்டினால், அது காலத்தை வென்று நிற்கும்.

கீழ் வீட்டுக்காரரைப் பலமுறை மேலே வரவழைத்த பெருமை கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்கு உண்டு. 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கி ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஓடிய கதை. ஐந்து பாகத்தையும் அடுக்கிக் காட்டினால் புதிதாக வருகிறவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஆடிப் பதினெட்டாம் நாள் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான், நீங்களும் அவன் பின்னாலேயே கடம்பூர் மாளிகைவரை போங்கள். நள்ளிரவில் அங்கே சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை அவன் மறைந்திருந்து கேட்பான். அதற்குப் பிறகும் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்க முடிந்தால் என்னிடம் வாருங்கள், காப்பி வாங்கித் தருகிறேன். இதுவரை ஒருவரும் வந்ததில்லை. நான் காப்பி வாங்கித் தருவேன் என்பதை யாரும் நம்பாததுதான் காரணம் என்று மனைவி சொல்கிறாள்.

எண்பத்தைந்தைத் தாண்டிய என் மாமியார் இந்தக் கதையை வாராவாரம் படித்தவர். வீட்டுக்கு ஒரே ஒரு பத்திரிகை வரும். முதலில் தாத்தா, பிறகு அப்பா, பிறகு சித்தப்பாக்கள். பெண் பிள்ளைகள் கைக்கு வரும்போது மணியம் வரைந்த படத்தில் காப்பிக் கறை இருக்குமாம். வந்தியத்தேவனைக் காப்பாற்ற இளைய இளவரசர் புயல் கடலில் இறங்கிய வாரத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஒரு வாரம் முழுக்க அவர் கடல்லயே கிடந்தார். நாங்க பள்ளிக்கூடம் போனோம், பாத்திரம் தேய்ச்சோம், தண்ணி இறைச்சோம். உங்களால ஒரு மோட்டார் சுவிட்சுக்கு எழுந்து போக முடியலையா, மாப்பிள்ளை?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு அடுத்த அத்தியாயம் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறதே, அதுதான் சங்கடம்.

கதை முடிந்தபோதும் வாசகர்கள் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவள் என்ன ஆனாள் என்று கேட்டுக் குவித்தார்கள். கல்கி முடிவுரை எழுதி அதில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற விவகாரம் மட்டும் எங்கள் குடும்பத்தில் இன்னும் தீரவில்லை. அதை முன்னிட்டு ஒரு தீபாவளிக்கு நானும் என் மைத்துனனும் பேசிக்கொள்ளவில்லை. பட்சணம் மட்டும் கைமாறியது.

அடுத்து விசில் ரகம். "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி கோயிலுக்குப் போனாள். என் கையில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. நடப்பதெல்லாம் பேயின் வேலையோ என்று வக்கீல் கணேஷின் உதவியாளன் வசந்த் மிரள்கிறான். எல்லாவற்றுக்கும் விஞ்ஞானத்தில் விளக்கம் இருக்கும் என்பது கணேஷின் வாதம். நடுவே ஒரு விசில். கதைக்குள் அடித்ததா, அடுப்பங்கரையில் அடித்ததா என்று நான் தீர்மானிப்பதற்குள் பருப்பு கரியாகிக் குக்கரின் அடியோடு ஐக்கியமாகிவிட்டது. "ஏதோ அமானுஷ்யமா நடந்திருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி கணேஷ் கட்சி. "காஸ் அடுப்புல திருகுன்னு ஒண்ணு இருக்கு. அதைத் திருப்பினா அணையும். இதுல என்ன அமானுஷ்யம்?" என்று கேட்டுவிட்டுத் தேய்ப்பதற்குத் தேங்காய் நாரை என் கையில் கொடுத்தாள். அந்தக் கதையில் ஜெயிப்பது பேயா, விஞ்ஞானமா என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ஜெயித்தது விஞ்ஞானம்.

பெரிய புத்தகம் என்றாலே தூக்கம் வருகிறவர்களுக்கு 'நைலான் கயிறு' போதும். 1968-ல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் முதல் நாவல். ஒரு மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்தால் முடிந்துவிடும்.

குக்கர் தேய்த்த தேங்காய் நாரை நினைத்தால் 'பட்டாம்பூச்சி' ஞாபகம் வருகிறது. செய்யாத கொலைக்காகத் தன்னைத் தண்டித்துவிட்டார்கள் என்று சாதித்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஷாரியரின், 1969-ல் வெளிவந்த சுயசரிதை. தமிழில் ரா.கி.ரங்கராஜன் செய்தது, குமுதத்தில் தொடராக வந்து தமிழ்நாட்டையே கடல் கடத்தியது. தென்னமெரிக்கக் கரையில் இருந்த பிரெஞ்சுச் சிறைக் குடியேற்றத்திலிருந்து அந்த மனிதர் தப்பிப்பார், பிடிபடுவார், மறுபடி தப்பிப்பார். அவர் சொன்னதெல்லாம் நடந்ததுதானா என்று பிரான்சில் பெரிய சண்டையே நடந்தது. படிக்கும்போது அந்தச் சந்தேகம் வர அவகாசமே கிடையாது. டெவில்ஸ் தீவிலிருந்து, தேங்காய் நிரப்பிய மூட்டையை மிதவையாக்கிக்கொண்டு அவர் கடலில் குதிக்கிற இடத்தில்தான் அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, சட்னிக்குத் தேங்காய் இல்லை. ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க." கண்ணெதிரே மூட்டை மூட்டையாகத் தேங்காய் மிதக்கிறது, வீட்டில் ஒரு மூடி இல்லை. நான் போகவில்லை. மிளகாய்ப் பொடியோடு இட்லி சாப்பிட்டோம். சர்க்கார் சிறையிலிருந்து ஒரு மனிதன் எத்தனை தடவை வேண்டுமானாலும் தப்பிக்கலாம்; தேங்காய் வாங்கப் போவதிலிருந்து ஒருமுறை தப்பித்ததற்கு நான் அந்த வாரம் முழுவதும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஓட்டமும் துரத்தலும் இருந்தால்தான் விறுவிறுப்பு என்று நினைப்பவர்களுக்குத் தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னைக் கொடுப்பேன். ஒரு கொலை வழக்கு, ஒரு நீதிமன்றம், ஜூரிகள், சாட்சிகள், கேள்வி, பதில். யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. வாசகனும் நகர்வதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கு ராஜேஷ்குமார்: சம்பந்தமில்லாத இரண்டு கதைகள் தனித்தனியே ஓடிவந்து கடைசியில் முட்டிக்கொள்ளும். எங்கே முட்டும் என்ற யோசனையிலேயே நீங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். அதனால் கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவர்களுக்கு மட்டுமே சிபாரிசு செய்கிறேன். 'இதெல்லாம் இலக்கியமா?' என்று உதட்டைச் சுழிக்கும் எதிர்வீட்டுத் தமிழாசிரியருக்கு ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கொடுத்தேன். தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் இடத்தை வாசலில் நின்றபடி படித்துக்கொண்டிருந்தவர், மழை வந்தது தெரியாமல் கொடியில் காய்ந்த துணியையெல்லாம் நனையவிட்டார். அன்று அவர் மனைவி பேசியதில் இலக்கிய நயம் ஏதுமில்லை.

இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை தொடராக வந்தவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வாசகன் அடுத்த வாரமும் கடைக்கு வந்து காசு கொடுத்தால்தான் எழுத்தாளனுக்கும் பத்திரிகைக்கும் பிழைப்பு. ஆகவே அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கண்ணி வைத்தே தீருவார்கள். கைபேசியில் சீரியல் பார்க்கும் என் மகன், அடுத்த பகுதி தானாகவே ஓட ஆரம்பிப்பதை இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். 'இந்த அத்தியாயத்தை முடித்துவிட்டு வருகிறேன்' என்று நான் சொல்லும்போதெல்லாம் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். முடிவு என்பது நிறுத்துவதற்கான இடமே இல்லை. நிறுத்துவதானால் நடு அத்தியாயத்தில், யாராவது இயற்கையை வருணிக்கும்போது நிறுத்த வேண்டும். கல்கியிடம் இதற்கு ஆறும் ஏரியும் சோலையும் நிறைய உண்டு. சுஜாதாவிடம் அந்த வசதி கிடையாது. வருணனை அரை வரியில் முடிந்து அடுத்த வரியில் பிணம் கிடக்கும்.

இந்த உபாயத்தை ஒருநாள் மனைவிக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து வேலை ஏவுவதற்கு, நான் வருணனைப் பகுதியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருகிறாள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் 'பொன்னியின் செல்வன்' தொகுப்பிலிருந்து மூன்றாம் பாகம் 'கொலை வாள்' இரவல் போய்த் திரும்பவில்லை. கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் நாட்டுடைமையானது எழுத்துதான், என் பிரதி அல்ல. எடுத்துப்போன அன்பர் யாராக இருந்தாலும், படித்து முடித்துவிட்டு நான்காம் பாகத்துக்குத் தவித்துக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். 'மணிமகுடம்' என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் நான்கைத் தருகிறேன். மாலையில் வாருங்கள், காலையில் வந்தால் தேங்காய் வாங்க அனுப்பிவிடுவார்கள்.