நடந்து போகும் தூரம்தான்

எங்கள் பாவூர்சத்திரத்தில் மனை விற்கிறவர்கள் இரண்டு விஷயங்களை மூச்சுவிடாமல் சொல்வார்கள். ஒன்று, "இங்க புயல் கிடையாது, வெள்ளம் கிடையாது, சுனாமிக்கு வழியே இல்ல." இரண்டு, "எல்லாமே நடந்து போற தூரந்தான் சார்." இரண்டுமே பொய்யில்லை. அதுதான் சிக்கல்.

முதலில் புயலைப் பார்ப்போம். வங்கக்கடலில் பிறக்கிற புயல்கள் கடலூர், நாகப்பட்டினம், சென்னை என்று பெரிய இடமாகப் பார்த்துத்தான் சம்பந்தம் பேசும். எங்கள் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப் போட்டதுகூடப் புயல் இல்லை, குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது; சென்னை ஒரு வருஷம் முழுக்க வாங்குகிற மழையில் மூன்றில் இரண்டு பங்கு. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. எங்கள் ஊரிலும் பெய்யாமல் இல்லை. ஆனாலும் டீக்கடை திறந்திருந்தது. டீக்கடை திறந்திருந்தால் எங்கள் கணக்கில் அது பேரிடர் ஆகாது.

மற்றபடி மழையை மலையே பங்கு போட்டுவிடும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று முக்கால்வாசி மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, மிச்சத்தைச் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துக்குச் சாரலாக அனுப்பும். இன்னும் கொஞ்சம் கிழக்கே இருக்கிற எங்களுக்கு வந்து சேருவது வெறும் காற்றுதான். சும்மா சொல்லக்கூடாது, அதைத் தாராளமாகவே தருகிறது. ஊரைச் சுற்றிக் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அழகுக்காக இல்லை. தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுரவாசலில் அந்தக் காற்றின் சேட்டையைப் பார்க்கலாம். வெகுகாலம் மொட்டையாக நின்று 1990-ல் மறுபடி எழுந்த சுமார் 180 அடி ராஜகோபுரம் அது. நுழையும்போது காற்று எதிரே நின்று தள்ளும். வாசலைத் தாண்டினால் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பும். கோயிலில் அது அதிசயம். அதே காற்று எங்கள் மெயின் ரோட்டில் அடித்தால் அதிசயமில்லை, அவமானம். ஒரு கையில் மார்க்கெட் பை, இன்னொரு கையில் வேட்டி. எதிரே வருகிறவர் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிட மூன்றாவது கை வேண்டும்.

ஆக, பேரிடர் எங்களைத் தேடி வருவதில்லை. நாங்கள்தான் தேடிப் போகிறோம். "குற்றாலம் பேரருவியில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை" என்று செய்தி வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். எங்கள் ஊரில் பைக்கை எடுப்பார்கள். 2024 டிசம்பரில் குற்றாலத்தில் தண்ணீர் பேரருவியின் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தபோது, "பாத்தியா, பாத்தியா" என்று போனில் வந்த வீடியோக்களுக்குக் கணக்கில்லை. அதே வருஷம் மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை இழுத்துக்கொண்டு போனது. மலைமேல் பெய்கிற மழை கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. அந்தச் செய்திக்குப் பிறகு கொஞ்ச நாள் நாங்களும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். சீசன் வந்ததும் பழையபடி பைக்கை எடுத்துவிட்டோம்.

இனி நடை. என் அத்தான் சென்னை முடிச்சூரில் இருக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அக்காவோடு மொட்டைமாடியில் நின்றவர். ஓய்வு பெற்றதும் "ஆபத்தில்லாத ஊரு, நடக்கத் தோதான ஊரு" என்று தேடி எங்கள் ஊருக்கு வந்தார். மனையைக் காட்ட புரோக்கர் கார் கொண்டுவந்தார். நடந்து போகும் தூரத்துக்கு எதற்கு கார் என்று அத்தான் கேட்டதற்கு, "வெயிலா இருக்குல்லா" என்றார்.

அத்தான் விடவில்லை. "நடந்தே பாப்பமே" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஊரில் ஓரத்தில் நடப்பது தனிக் கலை. மார்க்கெட் பக்கம் கேரளாவுக்குப் போகிற லாரிகளில் சின்ன வெங்காய மூடை ஏறிக்கொண்டிருக்கும். மூடைக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து, வாழைத்தாரைச் சுற்றி, நிறுத்திவைத்த பைக்குகளைத் தாண்டினால் ஓரம் முடிந்துவிடும். அதற்கு மேல் ரோடுதான். திருநெல்வேலி - தென்காசி நால்வழிச் சாலையும் ரயில்வே மேம்பாலமும் கட்டிய வருஷங்களில் அந்த ஓரமும் தினம் ஒரு இடத்தில் இருந்தது. நேற்று நடந்த பாதையில் இன்று பள்ளம். பள்ளம் இருந்த இடத்தில் நாளை ஜல்லிக் குவியல்.

ரோட்டைக் கடக்க அத்தான் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். திருநெல்வேலி பஸ் போனது, தென்காசி பஸ் போனது, மினி பஸ் ஹாரனாலேயே அவரை இரண்டடி பின்னுக்குத் தள்ளியது. அப்போது பீடிக்கட்டுகளைக் கடையில் போட்டுவிட்டு வந்த ஒரு பெரியம்மா, வெறும் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையை லேசாக நீட்டியபடி ரோட்டில் இறங்கினார். லாரியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரிதான் அவரைப் பார்த்தது. பிரேக் அடித்த சத்தத்தில் அத்தானுக்குத்தான் வியர்த்தது. அந்த மறைவில் நாங்களும் கடந்துவிட்டோம்.

"எங்கன இருந்து வாரிய?" என்றார் பெரியம்மா.

"சென்னை. வெள்ளத்துக்குப் பயந்து இங்க வரலாம்னு..."

"அங்க வெள்ளம் வாரத டீவியில சொல்லுவாகல்லா? இங்க லாரி சொல்லிட்டா வருது?"

முடிச்சூரில் வெள்ளமும் சொல்லிவிட்டு வரவில்லை என்பதை அத்தான் அவரிடம் சொல்லவில்லை. தட்டு வைத்திருக்கிறவரிடம் வாதம் எதற்கு?

சாயங்காலமே முன்பணத்தோடு புரோக்கரிடம் போனார். ஒரே நிபந்தனை: இனிமேல் வாழ்நாளில் அந்த ரோட்டைக் கடக்கத் தேவையில்லாத பக்கமாக மனை வேண்டும். புரோக்கர் சிரிக்கவில்லை. டைரியைத் திறந்துகொண்டு, "பண்ணிரலாம் சார். காய்கறி பக்கத்துல இருக்கணுமா, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணுமா? அத மட்டும் முதல்ல முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார்.