படத்துல மழை பெய்யலையே, தாயி!

மேல்படிப்புக்குப் போர்ட்ஃபோலியோ செய்யிற, அதுல எல்லாத்தையும் போட்டுறணும்ங்கிற. போடு தாயி, போடு. அஞ்சு வருஷம் பி.ஆர்க். படிச்சவ, ஒரு கோடு கூட விட்டுறாத. மொத வருஷத்துல வாத்தியார் சிவப்புப் பேனாவால கிழிச்ச பயிற்சித்தாளு, ரெண்டாம் வருஷத்துல ராத்திரி முழிச்சு ஒட்டுன தெர்மாகோல் வீடு, மூணாம் வருஷத்துல கூட்டாளிங்க நாலு பேரு வரைய நீ டீ வாங்கிக் குடுத்த பஸ் ஸ்டாண்டு, எல்லாத்தையும் அடுக்கு. பாக்குறவங்களுக்கு வேற சோலி என்ன இருக்கு? உலகம் பூரா இருந்து வந்து குமியிற ஃபைல்ல உன்னோடதை மட்டும் மடியில போட்டுத் தாலாட்டுறதுக்குத்தானே சம்பளம் வாங்குறாங்க!

என்ன முறைக்கிற? தாத்தா கல்லுக்கட்டுக் கொத்தன், பூண்டும் உருளைக்கெழங்கும் போடுறவன், இவனுக்கு என்ன தெரியும்னுதானே? தெரியாதுதான். தெரியாதவங்கிட்ட காட்டுறதுல ஒரு லாபம் இருக்கு, கூச்சப்படாம கேப்பான்.

உன் ஃபைலை எப்படிப் பாப்பாங்கன்னு தெரியணுமா? நம்ம மன்னவனூரு ஆட்டுப் பண்ணை 1965லேருந்து இருக்கு. ராஜஸ்தான் அவிகாநகர் ஆராய்ச்சி நிலையத்தோட தென்னாட்டுக் கிளை அது. அங்க பாரத் மெரினோக் கெடாவைத் தேர்வு பண்றப்ப ஓரமா நின்னு பாரு. மேல் ரோமம் மழையிலயும் புழுதியிலயும் அழுக்காத்தான் கெடக்கும். அதை யாரும் மதிக்கிறதில்ல. விரலை விட்டு ரோமத்தை வகுந்து, தோல் தெரியிற மட்டும் வெலக்கி, அடியில இழை எப்படி வந்திருக்குன்னு பாப்பாங்க. தாயி எது, தகப்பன் எது, எடை எம்புட்டுன்னு நோட்டுல இருக்கும். குளம்புக்கு எண்ணெய் தடவிச் சலங்கை கட்டி இழுத்துட்டுப் போனா, கெடாவை விட்டுட்டு உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க. உன் கெடாவுக்குச் சலங்கை பிரமாதம். வகுந்து பாக்கத்தான் ரோமத்தைக் காணோம்.

அந்த ஏரிக்கரை ரிசார்ட்டுப் படத்தை இன்னொரு தடவை காட்டு. அடடா! மன்னவனூர் ஏரியேதான். அடியில எழுதியிருக்கியே, நம்பாம இருக்க முடியுமா? கரையில மஞ்சமுடிக்காரி ஒருத்தி பலூனைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, அவ யார் வீட்டுப் புள்ளை? கவுஞ்சியா, பூண்டியா? இல்ல, கிளாவரைக்குக் கட்டிக் குடுத்தவளா? மரமெல்லாம் செக்கச்செவேல்னு நிக்குது. இங்கிட்டு தைலமரம் தெரியும், பைன் தெரியும், சோலைக்காட்டு மரம் தெரியும். இதை யாரு கொண்டாந்து நட்டாங்க? கேரட் மூட்டை ஏத்துற ஆளு இல்ல, ஜீப்பு இல்ல, மட்டக்குதிரை இல்ல. வானத்துல பொட்டு மேகம் இல்ல. ஐப்பசி கார்த்திகை அடைமழையைப் பாக்காமலா நீ இந்த ஊர்ல பொறந்து வளர்ந்த?

ஏரியைப் பாத்து முப்பதடிக்குக் கண்ணாடி வெச்சிருக்க. நல்ல யோசனை. மார்கழி உறைபனியில அதுக்குள்ள படுக்குறவன் விடியங்காட்டி ஓடிப் போயி நாலு கம்பளி வாங்குவான், கம்பளிக்காரனுக்கு யாவாரம் ஆகும். மாடி வேற அஞ்சு! ஹாகா, அதான் மலையிடப் பாதுகாப்புக் குழுமம், 1990லேருந்து இருக்கே, கேள்விப்பட்டிருக்கியா? 2019ல உயர் நீதிமன்றம் சொல்லி, விதியை மீறிக் கட்டுனதுன்னு கொடைக்கானல் டவுன்ல கட்டடம் கட்டடமா நகராட்சி சீல் வெச்சப்ப நீ காலேஜுல இருந்திருப்ப. பாக்குறவன் பாஸ்டன்ல உக்காந்திருக்கான், அவனுக்கு ஹாகாவா தெரியப்போகுதுன்னு நெனைக்கிற. தெரியாது. ஆனா அந்தக் கூட்டத்துலயும் எங்கயோ ஒரு மலைநாட்டுல பொறந்தவன் ஒருத்தன் இருப்பான். அவன் மாடியை எண்ண மாட்டான். இந்தத் தூணு எதுல நிக்குதுன்னு கேப்பான்.

அதைத்தான் நானும் கேக்குறேன். எதுல நிக்குது? உன் பிளான்ல தரை வழவழன்னு சோத்துத் தட்டு கணக்கா கெடக்கு. நாம குடியிருக்கிறது ஆறாயிரம் அடிக்கு மேல, படிப்படியா வெட்டுன சரிவுல. இந்த ஊரைப் படம் போட்டுக் காட்டணும்னா மலையைக் குறுக்கால அறுத்துத்தான் காட்டணும். அதுக்கு செக்‌ஷன்னு நீதான் பேரு சொன்ன. முப்பது பக்கத்துல மொத்தமா ரெண்டு செக்‌ஷன், அதுவும் தபால்தலை அளவுல! மேல்பாத்தித் தண்ணி கீழ்பாத்திக்கு எப்படி எறங்குது, உன் கட்டடத்துக்கு முதுகுப்பக்கம் மண்ணு எம்புட்டு உசரம் நிக்குது, அந்த மண்ணு நனைஞ்சா யாரு தாங்குறது? இதெல்லாம் சொல்ற படத்தைச் சுருக்கிப் போட்டுட்டு, பலூன்காரிக்கு ரெண்டு பக்கம் முழுசா ஒதுக்கியிருக்க. பெரிய மனசு உனக்கு.

உங்க அப்பன் தோட்டத்துல சிமெண்டுக் கட்டு சரிஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா? தண்ணி வடிய ஓட்டையே வைக்காம பூசிட்டுப் போனான் ஒருத்தன். அடைமழையில பின்னாடி தண்ணி கோத்து, கட்டு வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னு, ஒரு ராத்திரியில படுத்துருச்சு. பக்கத்துலயே எங்க காலத்துக் கல்லுக்கட்டு சாந்தே இல்லாம நிக்குது. மலைப்பக்கமா லேசாச் சாச்சு அடுக்கி, நடுநடுவுல சுவத்தோட அகலத்துக்கும் உள்ள போற நீளக்கல்லைக் குடுத்து, பின்னாடி சல்லியைப் போட்டு நெரப்புனது. தண்ணி அது பாட்டுக்கு வடிஞ்சு போகுது. நீ லீவுக்கு வந்தப்ப அது முன்னாடி குந்தி நாள் பூரா வரைஞ்ச. அப்புறம் அதை வெச்சு ரிசார்ட்டோட அடித்தளத்தை மாத்துறேன்னு ட்ரேசிங் தாள்ல போட்டுப் போட்டு அடிச்ச. அந்தச் சுருள் எங்க? பரண் மேலயா? எலிக்குக் காட்டுனது போதும், எறக்கு. மொதல்ல அஞ்சு மாடி வெச்சேன், கட்டு சரிஞ்சதைப் பாத்தேன், மூணு மாடியைக் கழிச்சேன், சரிவோட சேத்துப் படியாக்குனேன். இந்த நாலு படமும் நாலு வரியும் இருந்தா, உன் மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு அவனுக்குத் தெரியும். கண்ணாடி மாளிகையைப் பாத்தா உன் கம்ப்யூட்டருக்குள்ள என்ன ஓடுச்சுன்னுதான் தெரியும்.

அழகா இருக்கணுமேங்கிற. இருக்கட்டும், யாரு வேணாம்னா? ஆனா நெலைக்கிறது அளந்து எழுதுனதுதான். ஆங்கிலேட்னு ஒரு பாதிரியாரும் நியூட்டன்னு இன்னொருத்தரும் இந்தப் பழனிமலையில இருக்குற கற்திட்டைங்களைத் தேடி அலைஞ்சு எழுதுனது 1928ல தொல்லியல் துறை வெளியீடா வந்துச்சு. பலகைக் கல்லை நிறுத்தி மேல மூடுகல்லு வெச்ச, பாத்தா மாட்டுத் தொட்டின்னு நெனைக்கிற சங்கதி அது. அதைத் தேடிப் போயிப் பாத்து, கணக்கெடுத்து, எழுதி வெச்சதால இன்னைக்கும் ஆராய்ச்சிக்காரங்க அதைப் புரட்டுறாங்க. நீயும் நாலாம் வருஷத்துல பூம்பாறையில வீடு வீடா டேப்பு புடிச்சு அளந்தியே, திண்ணை, ஓட்டுச் சாய்ப்பு, பூண்டு காய வைக்கிற எடம்னு? அதை எங்க வெச்சிருக்க? கடைசிப் பக்கம், ‘இதர பணிகள்’. நல்லாருக்கு! இந்த மலையை அளந்த கையின்னு சொல்லிக்க உலகத்துல எத்தனை பேரு இருக்காங்க? பலூன்காரி எல்லாரு ஃபைல்லயும் இருக்கா.

நீ சொல்வியே தோஷி, தோஷின்னு. 2018ல கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வாங்குன மொத இந்தியர். அவரு 1951ல இங்கிலாந்துல ஒரு மாநாட்டுக்குப் போயி, அங்க, பாரீஸ் கட்டடக் கலைஞர் லெ கார்புசியேகிட்ட வேலைக்குச் சேர வழி கேட்டப்ப, விண்ணப்பத்தைக் கையால எழுதிக் குடுன்னாங்கன்னு நீதான் படிச்சுக் காட்டுன. பாரீஸுக்குப் போனவரு மொத எட்டு மாசம் சம்பளம் இல்லாம உழைச்சாராம். சம்பளம் இல்லாததை நீ விட்டுரு, அது முதலாளிங்களுக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. கையெழுத்தைப் புடி. உன் ஃபைல்ல உன் கை எங்க இருக்கு? எல்லாப் பக்கமும் எங்கயோ எறக்குன ஒரே டெம்ப்ளேட்டு. எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி, அதுவும் சாம்பல் கலர்ல. அம்பது வயசு வாத்தியாருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஒருவேளை தெரியக்கூடாதுன்னுதான் வெச்சியோ என்னமோ.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இமயமலைப் பக்கம் பித்தோரகார்ல பல வருஷம் இருந்தவரு. இங்கிலாந்துல படிச்சுட்டு வந்தவரு, அந்த ஊருக் கொத்தனுங்க கல்லையும் மண்ணையும் எப்படிக் கையாளுறாங்கன்னு பாத்துக் கத்துக்கிட்டேன்னு தானே சொல்லிக்கிட்டாரு. அதுல அவரு கௌரவம் கொறையல. நீயும் உன் கல்லுக்கட்டுப் பக்கத்துல, யாருகிட்ட கேட்டு வரைஞ்சேன்னு எழுது. என் பேரு வேணாம். உள்ளூர்க் கொத்தனார்னு போடு, போதும். போட்டோவும் வேணாம், சவரம் பண்ணணும்.

அதே மாதிரி அந்த பஸ் ஸ்டாண்டு. கூட்டாளிங்க நாலு பேரோட சேந்து செஞ்சதுல உன் பங்கு எதுன்னு அடியில ஒத்த வரி எழுது. அந்த நாலு பேருல ரெண்டு பேரு அதே காலேஜுக்குப் போடுறாங்கன்னு சொன்ன. ஒரே மேசையில ஒரே பஸ் ஸ்டாண்டு மூணு தடவை வந்து நின்னு, மூணு பேரும் ‘நான் செஞ்சேன்’னு சொன்னா, அங்க இருக்குறவங்களுக்கு அன்னைக்குச் சாயந்திரம் பேச ஒரு கதை கெடைக்கும். பயிற்சிக்குப் போன ஆபீஸ்ல வரைஞ்சதைப் போடுறதா இருந்தா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க, ஆபீஸ் பேரையும் போடு.

எங்க போடுறன்னு பாத்துச் செய்யி. ஐஐடி, டெல்லி எஸ்பிஏன்னா கேட் தேர்வு மார்க்கு முன்னாடி வந்து நிக்கும், சலங்கையும் வேணாம், ரோமமும் அப்புறம்தான். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதணும். வெளிநாட்டுக்குத்தான் இந்தப் பாடு. அங்கயும் ஒவ்வொருத்தனும் பக்கம் இத்தனை, ஃபைல் எடை இத்தனைன்னு வேற வேற கணக்கு வெச்சிருப்பான். ஒரே மூட்டையை எட்டு சந்தைக்கும் தூக்கிட்டுப் போகாத. எது எந்தச் சந்தையில போகும்னு படிச்சுப் பாரு.

அப்புறம் அந்த நோக்கக் கடிதம். ‘சிறுவயது முதலே கட்டடங்கள் மீது எனக்குத் தீராத காதல்.’ அப்படியா! சிறுவயசுல உனக்குத் தீராத காதல் எங்க வீட்டு பிளம்ஸ் மரத்து மேலதான், நான் சாட்சி. ‘நிலைத்தன்மை’ங்கிற வார்த்தை ஒரே பக்கத்துல பதினோரு எடத்துல வருது, எண்ணிப் பாத்தேன். அத்தனையும் எடுத்துட்டு, சரிஞ்ச கட்டையும் சரியாத கட்டையும் எழுது. அதை யாருகிட்ட, எந்த வாத்தியார்கிட்ட மேல படிக்க ஆசைன்னு சொல்லு. முடிஞ்சது.

கடைசி நாள் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்குன்னு தெனாவெட்டா இருக்காத. அது அமெரிக்கா ராத்திரி. கிழக்குக் கரையில பன்னெண்டு அடிச்சா நமக்கு மறுநாள் காலையில பத்தரை. டிசம்பர்ல, ஜனவரியில இங்க பத்தரைக்கு மூடுபனி விலகியிருந்தா டவர் கெடைக்கும், டவர் கெடைச்சா கரண்டு இருக்காது. ரெண்டும் இருந்தா உன் தம்பி கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருப்பான். முன்கூட்டியே கொடைக்கானலுக்குப் போயி ஏத்திரு. ஏத்துனதைத் திரும்ப எறக்கித் தொறந்தும் பாரு, பக்கம் தலைகீழா நிக்கப் போகுது.

சிபாரிசுக் கடிதம் மூணு வேணும்னியே, வாத்தியாருங்க ரெண்டு பேருதான் சரின்னாங்களா? மூணாவது நான் எழுதித் தரவா? இங்கிலீஷ்ல நீயே மாத்திக்க. ‘இந்தப் பொண்ணை நடக்கப் பழகின நாள்லேருந்து தெரியும். பிளம்ஸ் திருட எங்க கல்லுக்கட்டுல ஏறி, மேல்வரிசையில மூணு கல்லைத் தள்ளி விட்டவ. அஞ்சு வருஷம் கட்டடம் படிச்சும் இன்னும் அதை எடுத்து அடுக்கல.’ எழுதட்டுமா, இல்ல லேப்டாப்பை மூடி வெச்சுட்டு எந்திரிச்சு வர்றியா? கல்லு அங்கதான் கெடக்கு, காலைப் பாத்து வை.