குழந்தைகள் (திருத்தச்) சட்டம் வேண்டி ஒரு மனு

அனுப்புநர்:
வேலைக்குப் போகும் ஒரு தாய்,
கணக்குப் பிரிவு, தனியார் நிறுவனம்,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகம்,
இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகள் சட்டத்துக்கு இணங்க வளர மறுப்பது – உரிய திருத்தம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

முதலில் நன்றி. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்த 12 வார விடுப்பை 2017இல் சம்பளத்தோடு 26 வாரமாக உயர்த்தினீர்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதில் கைவைக்கவில்லை. ஆகவே தங்கள் பக்கம் குறை ஒன்றும் இல்லை. குற்றம் முழுக்கக் குழந்தைகளுடையது. சட்டம் எதையும் படிக்காமலே பிறந்துவிடுகிறார்கள். பிறந்த பிறகும் படிப்பதாக இல்லை. சட்டத்தை இன்னொரு முறை திருத்தினால் தொழில்துறை முகம் சுளிக்கும். குழந்தைகளைத் திருத்தினால் யாருக்கும் செலவில்லை. அதற்கான வரைவைத் தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

பிரிவு 1: பசி

26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்கிறது சட்டம். டாக்டர் படுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆகவேண்டும். மிச்சம் 18 வாரம், அதாவது நாலு மாதம் சொச்சம். உலக சுகாதார நிறுவனமோ முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காதே என்கிறது. இரண்டு பெரிய இடங்களுக்கு நடுவே நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனவே 19ஆம் வாரத்திலிருந்து குழந்தை இட்லி சாப்பிடக் கடமைப்பட்டது என்று அறிவிக்க வேண்டும். 15 மாதம் ஆகும்வரை பாலூட்டத் தினம் இரண்டு இடைவேளை தந்திருக்கிறீர்கள். இடைவேளை அலுவலகத்தில் இருக்கிறது, குழந்தை வீட்டில் இருக்கிறது, நடுவில் பழைய மகாபலிபுரம் சாலை இருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் குழந்தையே கிளம்பி வந்து, பால் குடித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும்.

பிரிவு 2: காப்பகம்

50 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். அருமையான ஏற்பாடு. எங்கள் நிறுவனத்தில் 49 பேர். ஐம்பதாவது ஆளின் வேலையை நாங்களே பங்குபோட்டுச் செய்துவிடுகிறோம். பக்கத்துக் கட்டடத்தில் ஐம்பதைத் தாண்டிவிட்டதால் அங்கே காப்பகம் உண்டு: கதவில் யானைப் படம், கதவுக்குப் பூட்டு, உள்ளே ஓடாத பிரிண்டர்கள். ஆகவே 49 பேர் உள்ள இடத்தின் குழந்தைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 50 பேர் உள்ள இடத்தின் குழந்தைகள் பிரிண்டர்களோடு அனுசரித்துப் போகவேண்டும். அதுவரை ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிதான் காப்பகம். மூட்டுவலி உண்டு, சம்பளம், வார விடுமுறை, ஆய்வாளர் வருகை ஏதும் கிடையாது.

பிரிவு 3: காய்ச்சல்

குழந்தைகளுக்குக் காய்ச்சல் சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு இரவுக்குள் இறங்கிவிட வேண்டும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் 20ஆம் தேதியன்றும், மார்ச் மாதம் முழுவதும் காய்ச்சலுக்குத் தடை. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள். தமிழக அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பே 12 மாதம். பொறாமையில் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்கு வரும் அதே வைரஸ் துறை பார்க்காமல் எங்கள் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. தனியார் ஊழியரின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதற்கென்று விடுப்பு இல்லை. ஆதலால் 'எனக்குக் காய்ச்சல்' என்று மேனேஜருக்கு மெசேஜ் அனுப்புகிறோம். "பையனுக்கு உடம்பு சரியில்லை" என்று உண்மையைச் சொன்னால் அது அப்ரைசல் வரைக்கும் ஞாபகத்தில் இருக்கும். நாங்கள் சொன்ன பொய்யும் நாலே நாளில் உண்மையாகிவிடுவதால் மனசாட்சிக்கு உறுத்தல் இல்லை.

பிரிவு 4: நேரம்

வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 289 நிமிடமும் ஆண் 88 நிமிடமும் அதில் செலவிடுவதாக அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிக்கும் நேரம் தனிக் கணக்கு. அதிலும் பெண்ணுக்கு 137, ஆணுக்கு 75. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன், வாரம் 90 மணி நேரம் உழைக்கலாமே, வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்ட வீடியோ ஊரெங்கும் ஓடியது. பார்ப்பதற்கு மனைவி உட்கார்ந்திருக்க வேண்டுமே, ஐயா! அவர் அந்த 289 நிமிடத்தில் இருக்கிறார். எனவே குழந்தைகள் தினம் 289 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, அம்மாவைக் கொஞ்சம் உட்காரவிடப் பணிக்கப்பட வேண்டும்.

பிரிவு 5: தந்தை

மத்திய அரசு ஊழியரின் குழந்தைக்குச் சட்டப்படி 15 நாள் அப்பா உண்டு. தனியார் ஊழியரின் குழந்தைக்கு அந்தப் 15 நாளும் கிடையாது. இஎஸ்ஐ வரம்பைத் தாண்டிச் சம்பளம் வாங்கும் பெண்ணின் 26 வாரச் சம்பளமும் நிறுவனத்தின் தலையிலேயே விழுகிறது. அதனால்தான் இன்டர்வியூவில் எங்களிடம், "குழந்தை பிளான் ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார்கள். என் கணவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவருக்குப் பிள்ளை பிறந்தால் நிறுவனத்துக்கு ஒரு பாக்கெட் ஸ்வீட் வரவு.

இந்தப் பிரிவை மட்டும் குழந்தைகள் தலையில் கட்ட முடியவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். இதைத் தாங்கள்தான் செய்யவேண்டும். விடுப்பு அப்பாவுக்கும் கட்டாயம், சம்பளச் செலவு பொது நிதியிலிருந்து என்று ஆக்கிப் பாருங்கள். பிறகு இன்டர்வியூவில் அந்தக் கேள்வியை ஆணிடமும் கேட்கட்டும், அல்லது இருவரிடமும் கேட்காமல் விடட்டும். எந்தச் சமத்துவம் கிடைத்தாலும் பெற்றுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தாய்
(லாகின் நேரத்துக்கு உட்பட்டு)

நகல்:
1. நிறுவனத்தின் ஹெச்ஆர் பிரிவுக்கு – கோப்பில் வைக்க.
2. குழந்தையின் பாட்டிக்கு – உடனடி நடவடிக்கைக்காக.
3. குழந்தையின் தந்தைக்கு – தகவலுக்காக மட்டும்.