கேபிள் வந்தால் ஆள் வருமா?

கேள்வி: அதிவேக இணையம் வந்துவிட்டால், ஊரைவிட்டுப் போன இளைஞர்கள் திரும்பிவிடுவார்களா?

பதில்: கேபிள் மட்டும் வந்தால், மிச்சமிருக்கும் பிள்ளைகளும் ஆன்லைனிலேயே டிக்கெட் போட்டுக் கிளம்பிவிடுவார்கள்! ஜப்பானின் மலையூர் காமியாமாவில் கண்ணாடியிழை இணைப்பும் இருந்தது, பூட்டிய வீடுகளும் இருந்தன. 'கிரீன் வேலி' என்ற உள்ளூர் அமைப்பு, எந்த வீட்டுக்கு எந்தத் தொழில்காரர் வேண்டும் என்று முதலில் தீர்மானித்தது. இதில் ரொட்டி சுடுபவர், அதில் இணையதள வடிவமைப்பாளர். எனக்கு ரொம்பப் பிடித்த புத்திசாலித்தனம் இது. 2010-இல் டோக்கியோவின் சான்சான் நிறுவனம் அங்கே ஒரு பழைய வீட்டில் கிளை திறந்தது. ஓடைத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, மடியில் கணினியோடு வேலை பார்த்தார்கள். மறுவருடமே, போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம். 2023-இல் தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தாயிற்று. இப்போது வெளியூர்ப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள்.